பெட்டியைத் திறக்காதவன்

"அடிக்கடி திறந்தால் அது மிரண்டுவிடும்" என்று வீட்டுக்கு வருபவர்களிடம் பெரிய ஞானி மாதிரி சொல்வேன். பச்சைப் பொய். மிரண்டது நான்தான்.

இங்கிலாந்தில் நான் வளர்த்தது பொசிலோதேரியா மெட்டாலிக்கா. நம் பக்கத்து ஆந்திராவின் மரப்பொந்துச் சிலந்தி, டரான்டுலா வகை. குத்தி என்ற ஊரின் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒன்றை வைத்து, 1899இல் போகாக் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் அதற்குப் பெயரிட்டார். அடுத்த நூறு வருஷம் பேச்சு மூச்சில்லை. 2001இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி அகப்பட்டது. காட்டில் அழிவின் விளிம்பில் நிற்கும் இந்த இனம் ஐரோப்பாவில் பெட்டிக்குள்ளேயே குஞ்சு பொரித்துச் சுலபமாக விலைக்குக் கிடைக்கிறது. வாங்கியவுடன் 'இனத்தைக் காப்பாற்றுகிறேன்' என்று வேறு பேசிக்கொண்டேன். வாங்கியது அதன் நீல நிறத்துக்காக. பார்ப்பவர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்பதற்காக.

"முதலில் சாதுவான தரைச் சிலந்தி ஒன்றை வளர்த்துப் பழகு" என்று அனுபவஸ்தர்கள் சொன்னார்கள். கேட்கவில்லை. அமெரிக்க டரான்டுலாக்கள் பலவற்றுக்கு வயிற்றில் அரிக்கும் ரோமம் உண்டு. ஆபத்தென்றால் அதை உதறிவிடும். ஆசிய இனங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒன்று ஓடும், இல்லையேல் கடிக்கும். கடித்து யாரும் செத்ததாகப் பதிவில்லை. ஆனால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் படுத்திவிடும். இதெல்லாம் படித்துத் தெரிந்ததுதான். ஒருநாள் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கையை விட்டேன். மரப்பட்டைக்குப் பின்னால் இருந்தது மூடியின் விளிம்புக்கு வந்துவிட்டது. நடுவில் அது ஓடியதை நான் பார்க்கவே இல்லை. அது பாவம், இருட்டைத் தேடித்தான் ஓடியது. மூடியை அறைந்து சாத்தினேன். கால் நசுங்கியிருக்கும், அதன் நல்ல காலம், தப்பியது.

அதன்பின் நான் திறக்கவில்லை. நீண்ட ஊசி போட்ட சிரிஞ்சைக் காற்றுத் துளையில் நுழைத்துத் தண்ணீர் பீய்ச்சினேன். கிண்ணத்தில் விழுந்தது பாதி, மண்ணில் இறங்கியது பாதி. தீனிக்கான சின்னத் துளை வழியாகச் சில்வண்டுகளைத் தள்ளினேன். தின்ற மிச்சம் உருண்டையாகக் கிடந்து அழுகியது. ஈர மண்ணில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. பிறகு மூலைகளில் உண்ணிகள், மாவு தூவியது போல. சுத்தம் செய்வது பெரிய வேலையுமில்லை: பெட்டியைக் குளியல் தொட்டிக்குள் வைத்து, வடிகாலை அடைத்துவிட்டு, தூரிகையால் மெல்லத் தட்டிப் புதுப்பெட்டிக்குள் ஓட்ட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகள்கூட அப்பா பக்கத்தில் நிற்க, இதைச் செய்கிறார்கள். நான் பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு துணியைத் தொங்கவிட்டேன். கேட்டவர்களிடம் 'வெளிச்சம் ஆகாது' என்றேன்.

கடைசியில் ஒரு மூத்த வளர்ப்பாளரை அழைத்து, வீடு மாறுகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வந்து துணியை விலக்கிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் சமையலறை மேஜையிலேயே, நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருக்க, பட்டையோடு சேர்த்து அதைத் தன் டப்பாவுக்கு மாற்றிக்கொண்டார். காசு கொடுக்க வந்தார், பெருந்தன்மையாக மறுத்துவிட்டேன். அதை இன்றும் நாலு பேரிடம் சொல்லி என்னைப் புகழ்கிறார்.

புது வீடு எப்படி இருக்கிறது என்று போன வாரம் விசாரித்தார். நல்ல வெளிச்சமாக இருக்கிறது என்று சொன்னேன், அதே பழைய சமையலறையில் உட்கார்ந்துகொண்டு.