கானுக்கு மேலே ஒரு கொங்கிரீட் பலகை

மே 5, 2025, திங்கள்

எங்கள் மகன் தம்பிக்குக் காலைச் சாப்பாடு கொடுத்து முடிக்க முக்கால் மணித்தியாலம் போகும். அவசரப்படுத்த முடியாது. சாய்த்து வைத்து ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும்; பிறகு சளி, காய்ச்சல், வார்ட். நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றுக் கீழே இறக்கிப் பிடித்து, கரண்டியை நாக்கின் நடுவில் வைத்து இலேசாக அழுத்த வேண்டும். தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ட பிறகுதான் அடுத்த கரண்டி. குரக்கன் கஞ்சி தடிப்பாக இருப்பது நல்லது. வெறும் தண்ணீர்தான் ஆபத்து. இதெல்லாம் பொரளை சிறுவர் வைத்தியசாலையில் காட்டித் தந்தது.

அவனுக்கு 11 வயது. பெருமூளை வாதம். கழுத்து முழுதாக நிற்காது, பேச்சில்லை. பசி, கோபம், பகிடி மூன்றும் நிறைய உண்டு. பக்கத்து வீட்டு நானா தும்மினால் போதும், இங்கே இவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

மே 6, செவ்வாய்

மாநகர சபைத் தேர்தல். பிள்ளையோடு ஒருவர் இருக்க வேண்டுமே, முதலில் மனைவி போய் வாக்குப் போட்டுவிட்டு வந்தாள், பிறகு நான்.

முன்னர் வாக்குக் கேட்டு வந்த ஒருவர் தம்பியின் தலையைத் தடவி, "உங்களுக்குப் பெரிய மனசு" என்றார். இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதேயில்லை. பெற்ற பிள்ளைக்குச் சோறூட்டப் பெரிய மனசு எதற்கு? இப்படிப் புகழ்ந்துவிட்டால் தங்கள் பக்கம் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒழுங்கை முனையில் கான் திறந்து கிடக்கிறது, சில்லு நாற்காலியைத் தூக்கித்தான் தாண்ட வேண்டியிருக்கிறது என்று மனைவி சொன்னாள். வந்தவர் துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

மே 8, வியாழன்

எனக்கு வேலை நீதிமன்றத்து மதிலோரம். சத்தியக்கடதாசி, மனு எல்லாம் டைப் அடிப்பது. மேட்டில் தெரியும் உயர் நீதிமன்றத்தில்தான் அஜித் பெரேராவின் வழக்கு நடந்தது. இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992 இல் அவருடைய காரின் மேல் மரம் சரிந்து விழுந்தது. அதற்குப் பிறகு வாழ்க்கை சில்லு நாற்காலியில். மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் 1996 இலேயே வந்துவிட்டது. 2006 இல் வந்த ஒழுங்குவிதிகள், பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த 3 வருட அவகாசம் கொடுத்தன. படிகள் அப்படியே இருந்தன. 2009 இல் அவர் அடிப்படை உரிமை மனு போட்டார். 2011 ஏப்ரலில், புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வசதி வேண்டும், மலசலகூடமும் அப்படியே இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. பிறகு இன்னொரு மனு, 2019 இல் இன்னொரு கட்டளை. 2020 இல் மனிதர் போய்விட்டார்.

ஒரே காரியத்துக்கு ஒருவர் இரண்டு தரம் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. அதுவும் கட்டடத்துக்குத்தான். வீட்டு வாசலுக்கும் கட்டடத்துக்கும் நடுவில் கிடக்கும் தெருவுக்கு யார் மனுப் போடுவது?

மே 10, சனி

நாற்காலியின் பின் சில்லில் காற்று நிற்கவில்லை. டாம் வீதி சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார நானா டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தை உரசி, ஒட்டுப் போட்டார். மற்றச் சில்லின் கம்பிகளையும் கேட்காமலே இறுக்கினார். காசு வாங்கினார். அது எனக்குப் பிடித்தது.

ஏப்ரலில் இருந்து தம்பிக்கு அரசு தரும் மாதக் கொடுப்பனவு 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆகியிருக்கிறது. நல்லது. பெம்பர்ஸ் வாங்கியது போக மிச்சம் வலிப்பு மருந்துக்கு உதவும். 2022 தட்டுப்பாட்டில் அந்த மருந்துக்காக பார்மசி பார்மசியாக அலைந்ததை நினைத்தால் இப்போது பரவாயில்லை.

மே 11, ஞாயிறு

எங்களுக்குப் பிறகு யார்? மரக்கறி வெட்டும்போது கேட்பது போல மனைவி சாதாரணமாகக் கேட்டாள்.

அவனுக்கு 18 ஆனால் சட்டப்படி வளர்ந்த ஆள். அவன் பெயரில் இருக்கும் பணத்தையோ சொத்தையோ நாங்கள் கவனிக்க மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, விசாரணை நடந்து, நியமனம் வாங்க வேண்டும். அப்படியான மனுக்களை நானே அடித்திருக்கிறேன். செலவும் தெரியும், தவணைக்கு மேல் தவணை போவதும் தெரியும். இந்தியாவில் பெருமூளை வாதம், ஆட்டிசம் போன்றவற்றோடு வாழ்பவர்களுக்கென்றே 1999 இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். பாதுகாவலரை மாவட்ட அளவில் ஒரு குழுவே நியமிக்கலாம். இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும். பகலில் சில மணித்தியாலம் நம்பி விட்டுப்போக ஓர் இடமும் வேண்டும். அது இருந்தால் மனைவி மறுபடி தையல் வேலைக்குப் போவாள்.

மே 12, திங்கள், வெசாக்

வெளிச்சக் கூடு பார்க்கத் தம்பியை வெளியே கொண்டுபோனோம். கானடியில் நானாவின் மகன்மார் இரண்டு பேர் முன்பக்கம் பிடித்தார்கள், நானும் மனைவியும் பின்பக்கம். இப்போதே நான்கு பேர். அவன் இன்னும் வளரப் போகிறான்.

புதிதாகத் தெரிவான மாநகர சபை உறுப்பினருக்கு: கானின் அகலம் இரண்டடி. நாற்காலிக்கு 26 அங்குலம் வேண்டும். மூன்றடி அகலத்தில் ஒரு கொங்கிரீட் பலகை, தெருப்பக்கம் சின்னச் சரிவு. மழை தொடங்க முதல் போட்டுத் தாருங்கள்.