பெரட்டு இல்லாத நாளின் மீன்

யட்டியந்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கொட்டிக்கொண்டிருந்தது. கூட்டிப்போக வந்த ஆசிரிய நண்பர், "நல்ல நாளாத்தான் வந்திருக்கீங்க. மழை இல்லாட்டி மனுசன் மரத்துல நிப்பாரு, கதைக்க மாட்டாரு" என்றார்.

கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் மழைக்கு இன்னொரு பெயர் பட்டினி. பட்டை நனைந்தால் பால் வெட்டிய கோட்டில் இறங்காது, மரத்தைச் சுற்றி வழிந்துவிடும். அன்றைக்கு வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டு இல்லை, பதிவில் பேர் இல்லை, சம்பளம் இல்லை. நாங்கள் தேடிப்போன பெரியவர் அப்படியான நாட்களில்தான் மீன்காரர்.

லயத்து வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் குந்தியிருந்து மூங்கில் சிம்பு சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாதி முடிந்த பறி. சிங்களத்தில் இதைக் கெமன என்கிறார்கள். வாய் அகன்று வால் குறுகிய கூடு; உள்ளே புகுந்த மீனை வெளியே விடாத ஒரு நாக்கு. அந்த நாக்கை எப்படிக் கட்டுகிறார் என்று இரண்டு முறை பார்த்தேன். விளங்கவில்லை, விட்டுவிட்டேன். சிம்புக்குச் சிம்பு ஒரு விரல் இடைவெளி மட்டும் கண்ணில் பட்டது. பொடி மீன் போய்விடட்டும் என்றுதான். இதே மாவட்டத்தில் கலபிட்டமடைப் பக்கம் ஓர் ஓடையை நம்பியே வாழ்ந்த குட்டிக் கெண்டை ஒன்றுக்கு 1991இல்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. ஓர் ஓடை கெட்டால் ஓர் இனமே போய்விடக்கூடிய ஊர் இது.

"பறிய எந்தப் பக்கம் பார்த்து வைப்பீங்க?"

"தண்ணி ஏறுறப்ப மீனும் மேல ஏறும் தம்பி, முட்டை போட. அப்ப வாயக் கீழ்ப்பக்கம் காட்டி வச்சா அள்ளலாம். நான் வைக்கிறதில்ல. தண்ணி வத்துறப்ப எறங்கும் பாருங்க, அதுக்குத்தான் மேல்பக்கம் பார்த்து வைப்பேன். சினைய முடிச்சிட்டு வாரது போதும் நமக்கு."

மே முதல் செப்டம்பர் வரை பறி. அந்த மாதங்களில் தென்மேல் காற்றில் நீர்கொழும்புக் கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையேறும், சைக்கிள் பெட்டியில் தோட்டத்துக்கு வரும் கடல்மீன் யானை விலை விற்கும். அதே மழைதான் பால்வெட்டையும் நிறுத்துகிறது. கடலும் மரமும் ஒன்றாகக் கைவிடும் நேரத்தில் ஓடை கொடுக்கிறது. தை, மாசியில் ரப்பர் இலை கொட்டி வேலை மெலியும். அப்போது களனி கங்கை வற்றித் தெளிந்திருக்கும், தூண்டில் காலம். கடல் அமைதியாகிவிடுவதால் சாளையும் மலிந்திருக்கும். "அப்ப நான் பொழுதுபோக்குக்குத்தான் போறது" என்று சிரித்தார்.

தூண்டிலுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. மேலே லக்ஸபானப் பக்கத்து மின்நிலையங்கள் தண்ணீர் விட்டால் வெயிலிலும் ஆறு ஏறும். பாறை நடுவில் நிற்கிறவன் வானத்தைப் பார்த்துப் பயனில்லை.

ஆற்று இறாலைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறியது. கித்துள்கல விடுதிகளுக்கு வாங்கிக்கொடுக்கும் தரகர் ஒருவர் வருவாராம். இறால் உயிரோடு வேண்டும், எடை அவருடைய தராசில், காசு அடுத்த முறை. அந்த அடுத்த முறை மழை வரும்வரை வராது. 1957இல் வெளியான 'கவாய் ஆற்றுப் பாலம்' படத்துக்காகப் பாலம் கட்டிய ஆற்றோரத்தைப் பார்க்க வந்து, அந்த இறாலைச் சாப்பிடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. அவருக்கு இறாலை விற்கவாவது ஆள் இருக்கிறதே என்ற நினைப்பு.

2016க்குப் பிறகு அவர் ராத்திரியில் ஓடைக்குப் போவதில்லை. அந்த மே மாதம் அரநாயக்கவில் மலையே சரிந்தது. புளத்கொஹுபிட்டியப் பக்கம் லயத்தின் மேல் மண் விழுந்தது. "முந்தி மழைச் சத்தம் கேட்டா பறிய நெனப்பேன். இப்ப பின்னாலருக்கிற மலையத்தான் நெனக்கிறது."

மூன்று மணிக்கு மழை விட்டது. பறியைத் தோளில் போட்டு ஓடைக்கு இறங்கினார். இரண்டு கல்லுக்கு நடுவே, வாய் மேல்பக்கமாக, வாலில் ஒரு கல் ஏற்றி வைத்தார். திரும்பும் வழியில் ஒரு ரப்பர் மரத்தில் கைவைத்துப் பட்டையைத் தடவினார்.

"விடியக் காஞ்சிரும். சேர், நாளைக்கு எனக்குப் பெரட்டு. பறிய நீங்க தூக்கிருங்க" என்றார் ஆசிரியரிடம்.