கோடாலி எறியப் போன குடும்பம்

ரொறன்ரோவில் ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தைப் போக்குவதற்கு வழிகளுக்குக் குறைவில்லை. படம், பௌலிங், கோடையென்றால் ஏரிக்கரை, குளிரென்றால் மோல். இந்த வரிசையில் இப்போது கோடாலி எறிவதும் சேர்ந்துவிட்டது. 2006இல் இதே நகரத்தில் மற் வில்சன் என்பவர் வீட்டுப் பின்வளவில் நண்பர்களைக் கூட்டித் தொடங்கிய விளையாட்டு இது. பின்வளவிலிருந்து கூரைக்குள் வந்து, எல்லை தாண்டி அமெரிக்காவுக்கும் போய், 2017இல் உலக லீக் என்ற பெயரில் ஓர் அமைப்பும் உருவாகிவிட்டது. மரம் வெட்டுவோரின் போட்டிகளில் இருபுறமும் வாயுள்ள பெரிய கோடாலியை 20 அடியிலிருந்து எறிவது இதற்கு முன்பே உண்டு. நகரத்தவர் கைக்கு வந்ததும் கோடாலியும் சிறுத்தது, தூரமும் 12 அடியளவுக்குக் குறைந்தது.

மகன் தன் பிறந்தநாளுக்கு இதைத்தான் கேட்டான். அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "கோடாலி கொத்திறதுக்கு. எறியிறதெண்டால் அதுக்குக் கல்லு இருக்குத்தானே" என்றார். ஆனாலும் வந்தார். நவராத்திரியில் கோடாலிக்கும் சந்தனப் பொட்டு வைத்த மனுசி, பேரப்பிள்ளைகள் அதை என்ன பாடு படுத்தப்போகிறார்கள் என்று பார்க்க வந்திருப்பார்.

விபத்து நடந்தால் வழக்குப் போடமாட்டோம் என்ற படிவத்தில் கையெழுத்து, காலில் விரல் மூடிய சப்பாத்து. இரண்டும் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். இருபுறமும் கம்பிவலை அடித்த கூண்டு ஒன்றை எங்களுக்கு ஒதுக்கினார்கள். எதிரே மென்மரப் பலகைகள். அவற்றில் வட்டங்கள்: நடுவில் பட்டால் 5 புள்ளி, அடுத்த வளையத்துக்கு 3, வெளி வளையத்துக்கு 1. மேல் மூலைகளில் இரண்டு பச்சைப் பொட்டுகள். ஐந்தாவது எறியில் மட்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டு அதில் அடித்தால் 7. சொல்லிவிட்டுத் தவறினால் நடுவில் பட்டாலும் ஒன்றும் இல்லை. பழக்கிவிட வந்த பெடியன் முதலில் ஒரு போத்தலை எடுத்துப் பலகைக்குத் தண்ணீர் விசிறினான். காய்ந்த பலகை வெடித்துச் சிராய் பறக்குமாம். ஈரம் குடித்த நார்தான் அலகைக் கவ்விப் பிடிக்கும்.

அம்மா ஒரு கோடாலியை வாங்கிப் பெருவிரலால் அலகைத் தடவினார். தலை ஒன்றரை இறாத்தல் இருக்கும். "இதாலை ஒரு பூவரசங்கட்டை பிளக்கேலாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வாங்கில் போய் இருந்துகொண்டார். அவருக்கு அங்கே பிடித்த விசயம் ஒன்றே ஒன்றுதான். கோடாலியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது, கட்டையில் வைக்க வேண்டும், மற்றவர் அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று பெடியன் சொன்னதை மகள் மொழிபெயர்த்ததும் தலையாட்டினார். எங்கள் குசினியில் கத்திக்கு இருந்த அதே சட்டம். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று அவர் சொல்லுவார். இவன் விரல் போகும் என்றான்.

முதலில் எறிந்தவர் என் கணவரின் தம்பி. நாள் தவறாமல் ஜிம்முக்குப் போகிறவர். அவர் எறிந்த எறியில் பலகை அதிர்ந்தது. கோடாலி மட்டும் குத்தவில்லை. 'டமார்' என்று மோதிக் கீழே விழுந்தது. அடுத்த முறை இன்னும் பலமாக எறிந்தார், இன்னும் பெரிய சத்தத்தோடு விழுந்தது. பெடியன் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அந்தத் தூரத்துக்குள் கோடாலி ஒரே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அலகு முன்னே வரும் கணத்தில் பலகையைத் தொட வேண்டும். வேகமாக எறிந்தால் வேகமாகப் போகும், அதற்கேற்ப வேகமாகவும் சுழலும். ஆகவே மணிக்கட்டை வெட்டாமல் எறிகிற வரைக்கும், மெல்ல எறிந்தாலும் பலமாக எறிந்தாலும் சுற்று ஏறக்குறைய ஒன்றுதான். பிடியின் நுனி முதலில் முட்டினால் சுற்று முடியவில்லை, கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். தலையின் மேற்புறம் முட்டினால் சுற்று மிஞ்சிவிட்டது, முன்னுக்கு வர வேண்டும். பிழை தோளில் இல்லை, நிற்கிற இடத்தில் இருக்கிறது.

மகள் அதைக் கேட்டு அரை அடி பின்னுக்குப் போனாள். இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேலே கொண்டுபோய், அவசரமில்லாமல் விட்டாள். 'தக்' என்ற சின்னச் சத்தம். அலகு மரத்துக்குள் இருந்தது. "சித்தப்பா, பலமாய் எறியாதேங்கோ, விடுங்கோ" என்றாள். சித்தப்பா விடவில்லை. மகன் ஐந்தாவது எறியில் பச்சைப் பொட்டு என்று அறிவித்துவிட்டு அச்சொட்டாக நடுவட்டத்தில் குத்தி, கிடைக்க இருந்த ஐந்தையும் இழந்தான். எல்லாரும் கைகொட்டிச் சிரித்தோம், என் கணவர் உட்பட. இவருடைய கோடாலி அதுவரை ஒருமுறையும் குத்தியிருக்கவில்லை.

புலம்பெயர்ந்த வீடுகளில் யார் ஆசிரியர், யார் மாணவர் என்பது வெகு சீக்கிரம் முடிவாகிவிடுகிறது. வங்கிக் கடிதம், வரிப் படிவம், தொலைபேசியின் புதுச் செயலி என்றால் பிள்ளைகள் சொல்லித்தருவார்கள். நாங்கள் பக்கத்தில் நின்று கேட்போம். தேவாரம், மீன் குழம்பு, உறவுமுறை என்றால் நாங்கள் சொல்லுவோம். அவர்கள் ஒரு கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். இந்தப் பிரிவினை எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லும்போது குரலில் ஒரு சலிப்பு எப்போதும் இருக்கும், இரண்டு பக்கத்திலும். அந்தக் கூண்டுக்குள் அது இருக்கவில்லை. அங்கே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. விறகு கொத்தி அடுப்பெரித்த அம்மாவின் அனுபவமும் செல்லாது, சித்தப்பாவின் புயமும் செல்லாது, பிள்ளைகளின் ஆங்கிலமும் செல்லாது. என் தகப்பன் எதையாவது முதன்முதலாகக் கற்றுக்கொள்வதை நான் பார்த்ததில்லை. எல்லாம் தெரிந்தவராகத்தான் அவர் எனக்குக் கிடைத்தார். தங்கள் தகப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டு அரை அடி முன்னுக்கும் பின்னுக்கும் நகர்ந்து தன் இடத்தைத் தேடுவதை என் பிள்ளைகள் பார்த்தார்கள். கடைசியில் அவருடையதும் குத்தியபோது, அடுத்த கூண்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி கத்தியவன் மகன்தான்.

இது ஒரு முறைக்கு மேல் பலிக்காது என்பதும் தெரியும். மகள் லீக்கில் சேரக் கேட்கிறாள். சேர்ந்தால் அடுத்த தடவை அவள் ஆசிரியை, நாங்கள் பழைய வாங்குக்குத் திரும்பிவிடுவோம். அதனால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாத வேறொன்றைத் தேடச் சொல்லியிருக்கிறேன். இவர் கேர்லிங் என்கிறார். கல்லை வழுக்கவிட்டு அதற்கு முன்னே ஐஸைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டு ஓடுகிற விளையாட்டு என்று அம்மாவுக்கு விளக்கினோம். "கூட்டுறதெண்டால் நானும் வாறன்" என்கிறார்.