டேம்பர் வாங்குவதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. 

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை. மலையிறங்கி, அடிவாரம் தாண்டி, கோரிமேட்டுக்கு வரும் வழியில் வண்டி 45-ல் போகும்போது இடது சக்கரம் பள்ளத்தில் விழுந்து, ஸ்டேரிங் இரண்டு கையையும் உதறியது என்றாய். வண்டி நிற்கிற அளவுக்கு வேகம் குறையும்வரை ஆட்டம் அடங்கவில்லை என்றாய். பட்டறையில் ஸ்டேரிங் டேம்பர் போட்டால் சரியாகிவிடும் என்று சொன்னார்களாம். இப்போதைக்கு அதைப் போட வேண்டாம். போட்டால் ஆட்டம் அமுங்கும், அதைக் கிளப்பிவிட்ட லூஸ் அப்படியே இருக்கும். மாசக்கணக்கில் அது உள்ளேயே வளர்ந்து, டேம்பர் தளர்கிற அன்றைக்கு முன்னைவிட மோசமாக வெளியே வரும். இன்னும் கொஞ்ச நாளில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் அந்த வண்டியின் பின்னால்தான் உட்கார்ந்து நாகலூருக்கும் செம்மநத்தத்துக்கும் வரப்போகிறார்கள். அதை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இது ஏன் வருகிறது என்று புரிந்துகொள். உன் சிஜே-3பி ஜீப், 1953-ல் வில்லிஸ் கொண்டுவந்த மாடல். அதை மகிந்திரா இங்கே வெகுகாலம் செய்தது. முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே இரும்பு ஆக்சில். ஒரு பக்கம் பள்ளத்தில் இறங்கினால் ஆக்சில் முழுவதும் சாயும். வேகமாகச் சுற்றுகிற சக்கரத்தைச் சாய்த்தால் அது சும்மா சாயாது, பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். டை ராட் அந்தத் திருப்பத்தை அடுத்த சக்கரத்துக்குக் கொடுக்கும், அது திருப்பி அடிக்கும். உன் 16 இஞ்ச் ரிம் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் ஓடும். 45 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஐந்தாறு சுற்று. ஸ்பிரிங் பட்டையும் டயரும் ஆக்சிலும் சேர்ந்து தானாக ஆடும் வேகமும் இந்தச் சுற்றும் ஒத்துப்போகிற இடத்தில்தான் ஆட்டம் பிடித்துக்கொள்கிறது. இணைப்புகள் எல்லாம் இறுக்கமாக இருந்தால் பள்ளம் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடும். எங்கோ ஓர் இடத்தில் லூஸ் இருந்தால் அந்தத் தட்டுக்கு அதுவே இடம் கொடுக்கும்.

இது உன் வண்டிக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. 1920-களில் முன் சக்கரத்துக்கும் பிரேக் வந்து, குறைந்த காற்றில் ஓடும் பெரிய டயரும் வந்தபோது உலகம் முழுக்கக் கார்கள் இப்படித்தான் ஆடின. ஜெனரல் மோட்டார்ஸ் 1934 மாடல் கார்களில் முன் சக்கரங்களைத் தனித்தனியாகத் தொங்கவிட்டதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஜீப்பும் லாரியும் பாரத்துக்காகவும் காட்டு ரோட்டுக்காகவும் பழைய ஆக்சிலையே வைத்துக்கொண்டன.

சரி, பார்க்க வேண்டிய முறை. டயரிலிருந்து ஆரம்பி, அதுதான் செலவில்லாதது. இரண்டு பக்கமும் ஒரே காற்றா, பக்கவாட்டில் எங்காவது வீங்கியிருக்கிறதா, மேலே அலை அலையாகத் தேய்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார். ஜாக்கியில் தூக்கிச் சுற்றிவிட்டு, ரிம் ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடி. ரிம் கோணலாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் கோடு விழும். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றி ஓட்டினால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். போன வருஷம் அகல டயர் போட்டாய் அல்லவா, அதுவும் இதில் சேர்த்தி. அகல டயரும் வெளியே தள்ளி நிற்கிற ரிம்மும் ரோட்டின் ஒவ்வொரு உதையையும் நீளமான கையால் பிடித்து ஸ்டேரிங்குக்கு அனுப்பும்.

அடுத்ததுதான் முக்கியம், இதில் அவசரப்படாதே. நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். வண்டியைத் தூக்கிவிட்டால் பாரம் போய், லூஸ் ஒளிந்துகொள்ளும். ஒருவரை ஸ்டேரிங்கில் உட்காரவைத்து, சக்கரம் திரும்பாத அளவுக்கு இடதும் வலதுமாகச் சின்னதாக, வேகமாக ஆட்டச் சொல். நீ கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் கையை வை. கண்ணால் பார்த்தால் போதாது, விரல் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் இருக்கவேண்டும். ஸ்டேரிங் பாக்ஸிலிருந்து வரும் டிராப் ஆர்ம், அதிலிருந்து டிராக் லிங்க், நடுவில் பெல் கிராங்க், அங்கிருந்து இரண்டு பக்கமும் டை ராட், கடைசியில் டை ராட் எண்டு. இந்த வரிசையிலேயே போ. ஒரு பக்கம் அசைந்து மறு பக்கம் ஒரு கணம் தாமதித்து அசைந்தால், விரலுக்கு நடுவில் 'டக்' என்று தட்டும். பெரும்பாலும் பெல் கிராங்கில்தான் தட்டும் என்பது என் ஊகம். அதன் பின்னும் பேரிங்கும் தேய்ந்தால் மற்ற எல்லாம் புதிதாக இருந்தும் பயனில்லை. பாக்ஸ் ஃபிரேமோடு சேரும் இடத்தையும் விளக்கு அடித்துப் பார். அங்கே விரிசல் இருந்தால் பாக்ஸே அசையும்.

அதன் பிறகு ஜாக்கி. ஆக்சிலுக்கு அடியில் கட்டை கொடுத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆடினால் ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் லூஸ். பிரேக் பிடித்த பிறகும் ஆடினால், சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சான கிங் பின்னில் லூஸ். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் பேரிங் வாங்கச் சொன்னால் வாங்காதே.

கிங் பின் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைக்காரர்களைப் போலக் கிங் பின் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் லாரியில் இருப்பது புஷ், உன் வண்டியில் இருப்பது மேலும் கீழும் டேப்பர் ரோலர் பேரிங், இடையில் ஷிம் என்ற மெல்லிய தகடு. லூஸ் இருந்தால் ஷிம்மைக் குறைத்து, கைக்குக் கொஞ்சம் இறுக்கமாகத் திரும்பும்படி வைக்கவேண்டும். அதற்கு முன் பேரிங் கப்பைக் கழற்றித் துடைத்து, நகத்தால் உள்ளே சுற்றிப் பார். நேர் ரோட்டில் ஓடி ஓடி, ரோலர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் பள்ளம் போட்டிருக்கும். நகம் அதில் தடுக்கும். அப்படி இருந்தால் ஷிம் உதவாது, மாற்றத்தான் வேண்டும். நம் மலைச் செம்மண் சேறு உள்ளே போகாமல் காக்க நக்கிளைச் சுற்றி ஒரு ஃபெல்ட் சீல் உண்டு. அது கிழிந்தால் டயரின் உள்பக்கம் கிரீஸ் வழிந்திருக்கும். மழைக்காலத்தில் எஸ்டேட் ரோட்டில் ஓடும் வண்டிக்கு இது சீக்கிரம் போகும்.

பட்டையின் யூ போல்ட்களைச் சாவி போட்டு இறுக்கிப் பார். சென்டர் போல்ட் உடைந்திருந்தால் ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் போயிருக்கும். இரண்டு பக்கமும் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம்வரை டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும்.

இனி நீ சொன்ன இன்னொரு விஷயம்: இறக்கத்தில் பிரேக் அடிக்கும்போது ஸ்டேரிங் லேசாக நடுங்குகிறது என்றாய். எனக்கு இதுதான் பெரிய துப்பு. சைக்கிள் ஃபோர்க் மேல்முனை ஓட்டுபவர் பக்கம் சாய்ந்திருப்பதும் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு ஒரு காரணம். கிங் பின்னும் அப்படித்தான் பின்னால் சாய்ந்திருக்கவேண்டும், உன் வண்டிக்கு 3 டிகிரி. பிரேக் அடித்தால் ஆக்சில் சக்கரம் சுற்றும் திசையிலேயே முறுக்கிக்கொண்டு, கிங் பின்னின் தலை முன்னால் வரும். பட்டை தளர்ந்திருந்தால் இன்னும் அதிகமாக வரும். போன வருஷம் வண்டி உயரமாகத் தெரியவேண்டும் என்று முன் பட்டைக்கு நீளமான ஷாக்கிள் போட்டாயே, அதுவும் அதே திசையில்தான் தள்ளுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு முழுக்கப் பிரேக்கில் கால் வைத்து இறங்கும் வண்டிக்கு அந்த 3 டிகிரியில் என்ன மிஞ்சும்? பழைய குட்டை ஷாக்கிளையே திரும்பப் போடு. அழகு போனால் போகட்டும்.

லூஸ் எல்லாம் எடுத்த பிறகு டோ-இன். முன் டயர்களின் நடுவில் ஆணியால் கோடு கிழித்து, முன்பக்கமும் பின்பக்கமும் அளந்தால், முன்பக்க அளவு ஒன்றிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர்வரை குறைவாக இருக்கவேண்டும். லூஸ் இருக்கும்போது அலைன்மென்ட் பார்ப்பது வீண் செலவு. ஸ்டேரிங் பாக்ஸ் ஸ்க்ரூவை இறுக்கி ஆட்டத்தை நிறுத்தப் பார்க்க வேண்டாம். இறுக்கினால் வளைவிலிருந்து ஸ்டேரிங் தானாகத் திரும்பாது. இவ்வளவும் முடித்து, நேர் ரோட்டில் வண்டி அமைதியாக ஓடினால், அப்புறம் உன் இஷ்டப்படி டேம்பர் போட்டுக்கொள்.

அதுவரை வண்டி மலையிறங்க வேண்டாம். தோட்டத்துக்குள் மட்டும் ஓடட்டும். எதிர்பாராமல் மறுபடி ஆடினால் பிரேக்கை ஓங்கி அடிக்காதே. கட்டைவிரலை ஸ்போக்குக்கு வெளியே வைத்து, ஸ்டேரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு. வேகம் குறைந்தால் தானாக அடங்கும்.

பேரிங் கப்பைக் கழற்றினால் பழசைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஒரு துணியில் சுற்றி வை. அடுத்த வாரம் நான் பஸ்ஸில் வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா