கேப்டன் வருவதாகத்தான் எழுதியிருந்தார்

தூத்துக்குடியில் ‘கால்’ என்று யாராவது சொன்னால் எங்களுக்கு போன்தான் நினைவுக்கு வரும். கப்பல் தொழிலிலோ அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வந்து போவதும் ‘கால்’தான். ‘காலிங் அட் டூட்டிகோரின்’ என்று நாங்கள் தட்டச்சு செய்யாத நாள் கிடையாது. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1974-இல் புதுத் துறைமுகம் பெருந்துறைமுகம் ஆனது. அதன் பிறகு என்னைப் போன்ற பலருக்குச் சோறு போட்டது அப்படி வந்து போகிற கப்பல்கள்தான். அந்தச் சொல்லிலேயே நான் தவறினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பீச் ரோட்டுப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் சேர்ந்திருந்தேன். தமிழ் வழியில் படித்தவன். கடிதங்களை மாதிரி பார்த்து எழுதுவேன். புரியாத இடத்தில் யாரிடமும் கேட்க மாட்டேன். கேட்டால் ஆங்கிலம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். மேனேஜர் மெட்ராஸ் போயிருந்த ஒரு சனிக்கிழமை, உப்பு ஏற்றிக்கொண்டிருந்த கப்பலிலிருந்து எங்கள் போர்டிங் கிளார்க் ஒரு சீட்டு கொண்டுவந்தார். கிரேக்கக் கேப்டன் எழுதியது. ஒரு மாலுமியின் விஷயமாக அவசரம், மாலை ஆறு மணிக்கு ‘கால் ஆன் யூ’ என்று இருந்தது.

ஆறு மணிக்கு போன் பண்ணுவார் என்று எடுத்துக்கொண்டேன். சந்தேகமே வரவில்லை. சனிக்கிழமை அரைநாள்தான் வேலை. ஏஜென்சி கார்டில் அவசரத்துக்கென்று என் வீட்டு எண்ணும் இருந்தது. அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய், சாயங்காலம் முழுவதும் போனை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கவேயில்லை. சிக்கல் தீர்ந்திருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு படுத்தேன். நள்ளிரவில் கப்பல் புறப்பட்டுவிட்டது.

திங்கள்கிழமை காலை ஷட்டரைத் தூக்கும்போது பக்கத்துக் கிட்டங்கியின் வாட்ச்மேன் தாத்தா வந்தார். “தம்பி, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தொர வந்து நின்னாவ. கூட ஒரு சின்னப் பையன். ரொம்ப நேரம் நின்னாவ. அந்தப் பையன் அழுதுக்கிட்டே இருந்தான். நான் சொன்னது அவியளுக்குப் புரியல, அவிய சொன்னது எனக்குப் புரியல.”

உள்ளே போய் அந்தச் சீட்டை எடுத்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். ‘டெலிபோன்’ என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. மேனேஜர் மேசையில் ஒரு அகராதி எப்போதும் இருக்கும். அதுவரை நான் அதைத் தொட்டதில்லை. ‘கால்’ என்ற சொல்லைத் தேடி, அதன் கீழே விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினேன். ‘கால் ஃபார்’ என்றால் ஒருவரை அழைத்துப்போக வருவது. ‘கால் அட்’ என்றால் ஓர் இடத்துக்குப் போய்ச் சற்று நிற்பது. ‘கால் ஆன்’ என்றால் ஒருவரைப் போய்ப் பார்ப்பது. விரல் அங்கேயே நின்றது. அவர் வருவதாகத்தான் எழுதியிருந்தார். சொன்னபடி வந்துமிருக்கிறார்.

மாலுமி ஒரு பிலிப்பினோ இளைஞன். ஊரில் அவன் அப்பா இறந்துவிட்டார். அவனை இங்கேயே ‘சைன் ஆஃப்’ செய்து விமானத்தில் அனுப்புவதற்கு இமிகிரேஷனுக்கு ஏஜென்ட் கடிதம் வேண்டும். அதற்காகத்தான் கேப்டன் அவனைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்திலிருந்து ஊருக்குள் வந்தார். அடுத்த துறைமுகத்தில்தான் அவனால் இறங்க முடிந்தது. அவன் வீடு போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு நான் அனுப்பிய டெலக்ஸுக்கு வந்த பதிலில் இவ்வளவையும் கேப்டன் சொல்லியிருந்தார். என்னைக் கடிந்து ஒரு சொல்லும் இல்லை.

அந்தச் சொல் எனக்கு அந்நியமானதும் இல்லை. ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு தூதர் முதலமைச்சரை ‘கால்ட் ஆன்’ என்று போட்டிருப்பார்கள். மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் ‘மரியாதை நிமித்தமாகச் சந்தித்தார்’ என்று வரும். இரண்டையும் படித்திருக்கிறேன், சேர்த்துப் பார்த்ததில்லை. டெலிபோன் வந்தது 1876-இல். அதற்குச் சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலத்தில் ‘கால்’ என்றால் போய்ப் பார்ப்பது என்ற பொருள் இருந்தது. வாசலில் நின்று குரல் கொடுப்பதிலிருந்து வந்த பொருள் அது. எங்கள் தெருவில் பக்கத்து வீட்டு அக்கா நடையில் நின்று “யக்கா, இருக்கியளா?” என்று என் அம்மாவைக் கூப்பிடுவதும் அதுதானே. வெளியே நங்கூரம் போட்டிருக்கும் கப்பலும், வாசலில் நிற்கும் விருந்தாளியைப் போல, போர்ட் கண்ட்ரோலை ரேடியோவில் கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறது.

அதற்குப் பிறகு இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவது ‘டிராப் இன்’. அதற்கு ஆறு மணி என்று யாரும் நேரம் குறிக்க மாட்டார்கள். உடம்பு சரியில்லாதவரை எட்டிப் பார்த்துவிட்டு வருவது ‘லுக் இன் ஆன்’. வீட்டுக்கு உரிமையோடு வாருங்கள் என்பது ‘கம் ஓவர்’. ‘கால் ஆன்’ இவற்றைவிடக் கொஞ்சம் விறைப்பானது. நேரம் சொல்லி, சட்டை மாற்றிக்கொண்டு, காரியத்தோடு வருவது. அதே ‘கால் ஆன்’ கூட்டத்தில் ஒருவரைப் பேச அழைப்பதற்கும், ஒன்றைச் செய்யும்படி கேட்டுக்கொள்வதற்கும் வரும். முன்னும் பின்னும் படித்தால்தான் எது என்று பிடிபடும்.

இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. “சார், சீஃப் ஆபீசர் ஈவ்னிங் கால் பண்ணுவாராம்” என்று எங்கள் பையன்கள் வந்து சொல்கிறார்கள். அவர் எழுதியதை அப்படியே காட்டச் சொல்கிறேன். பிறகு, போனில் பேசுவாரா நேரில் வருவாரா என்று அவரிடமே கேட்கச் சொல்கிறேன். “கேட்டா தப்பா நினைக்க மாட்டாரா சார்?” என்று சிலர் தயங்குவார்கள். என் மேசையிலிருந்தே கேட்டு எழுத வைக்கிறேன். பதில் வரும்வரை யாரும் அலுவலகத்தைப் பூட்டுவதில்லை.