பூநகரியில் காடை வளர்க்கும் ஒரு வீடு

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் வீதியால் போகிறவர்கள் நாவற்குழியில் திரும்பி, தனங்கிளப்பைத் தாண்டிக் கேரதீவுக் கரைக்கு வருவார்கள். முன்பு அங்கே பாதைக்காகக் காத்திருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டு தை மாதம் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், பரவைக்கடலைப் பார்த்து முடிப்பதற்குள் பஸ் அக்கரைக்குப் போய்விடுகிறது. அக்கரைதான் பூநகரி. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டை, பனங்கூடல், உப்புக்காற்று, எங்கு தோண்டினாலும் நல்ல தண்ணீர் வருமா என்ற கவலை. இதுதான் அந்த ஊர்.

பூநகரியிலிருந்து மேற்கே போனால் கௌதாரிமுனை. பெயரிலேயே பறவை இருக்கிறது. மணற்கும்பிகளும் முட்பற்றைகளும் நிறைந்த அந்த வழியில் விடியற்காலையில் போனால் கௌதாரிகள் ஒன்றையொன்று கூப்பிடுவதைக் கேட்கலாம். இலங்கையில் கௌதாரி எல்லா இடமும் வாழ்வதில்லை. வடக்கிலும் வடமேற்கிலும் உள்ள வரண்ட கரையோரம்தான் அதற்குப் பிடித்த இடம்.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் சிறு குழுவொன்றைச் சந்திக்க 2023 மாசியில் அந்தப் பக்கம் போயிருந்தேன். கூட்டம் நடந்த வீட்டின் விறாந்தை ஓரமாக, கால்கள் நான்கும் தண்ணீர்ப் பேணிகளுக்குள் நிற்கும் ஒரு மேசை. எறும்பு ஏறாமலிருக்க அந்த ஏற்பாடு. மேசையின் மேல் கம்பிவலைக் கூடு. கூட்டுக்குள் நாற்பது காடைகள். அந்த வீட்டு அக்காவின் கணவர் 2009இலிருந்து இல்லை. இருக்கிறார் என்றோ இறந்துவிட்டார் என்றோ ஒரு கடதாசியும் அவரிடம் இல்லை. நடமாட முடியாத மாமியையும் படிக்கிற மகளையும் விட்டுவிட்டு அவரால் வேலைக்குப் போக முடியாது. முற்றத்தை விட்டு வெளியே போகாமல் செய்யக்கூடிய தொழிலாகத்தான் இதைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

வாழ்வாதாரம் என்ற பெயரில் கூடு இல்லாமல் குஞ்சுகளை மட்டும் கொடுத்துவிட்டுப் போன திட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கீரியும் சாரையும்தான் அவற்றின் பயனாளிகள். இந்த அக்கா முதலில் கூட்டை அடித்தார். பிறகுதான் பண்ணையொன்றில் அறுபது முட்டை வாங்கினார். அதுவும் கடன் எடுக்காமல், கிடுகு பின்னி விற்ற காசில். நுண்கடன்காரர் வீட்டுப் படலையில் வந்து நிற்பதை எங்கள் சகோதரிகளில் பலர் அனுபவித்திருக்கிறார்கள். ஏன் கடன் எடுக்கவில்லை என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

பண்ணைகளில் வளர்வது யப்பான் காடை. யப்பானில் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கூவலுக்காக வளர்த்தார்கள். முட்டைக்காக வளர்க்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் அந்த வளர்ப்புக் காடைகள் ஏறக்குறைய எல்லாம் அழிந்தன. நன்றாகக் கூவும் வம்சம் அடியோடு போய்விட்டது. மிஞ்சிய கொஞ்சத்திலிருந்துதான் யுத்தத்துக்குப் பிறகு மறுபடி பெருக்கினார்கள். இதைச் சொன்னபோது அக்கா கூட்டைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இதுகளும் எங்கட ஆக்கள்தான்" என்றார்.

இந்தக் காடைக்கு ஒரு குறை உண்டு. முட்டையிடும்; அடைகாக்காது. தலைமுறை தலைமுறையாக மனிதரே பொரிக்க வைத்ததால் அந்தக் குணம் பெரும்பாலும் போய்விட்டது. ஆகவே முட்டை வாங்கியவர்தான் பதினேழு பதினெட்டு நாளும் தாயாக இருக்க வேண்டும்.

அக்காவின் பொரிக்கும் பெட்டி ஒரு றெஜிபோம் பெட்டி. உள்ளே இரண்டு மின்குமிழ், ஒரு வெப்பமானி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், பழைய கணினியிலிருந்து கழற்றிய சின்ன விசிறி. விசிறி ஓடினால் வெப்பம் 37.5 பாகை செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும். முட்டையின் ஒரு பக்கத்தில் வட்டமும் மறுபக்கத்தில் புள்ளடியும் பென்சிலால் போட்டிருக்கிறார். எது புரட்டியது, எது புரட்டாதது என்று தெரிவதற்காக. பதினான்காம் நாள் வரை ஒரு நாளைக்கு ஐந்து தடவை புரட்டுகிறார். அதன் பிறகு புரட்டக்கூடாது. ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். ஓடு வெடிக்கத் தொடங்கினால் மூடியைத் திறக்கவும் கூடாது. "பாக்க ஆசையாத்தான் இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேணும்" என்று சிரித்தார்.

2022 பங்குனிக் கடைசியில் நாட்டில் பத்து, பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அப்போது பெட்டிக்குள் இருந்த முட்டைகளுக்குப் பதினொரு நாள். மண்ணெண்ணெய் வாங்கவும் வழியில்லை. அக்கா போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பித் துணியால் சுற்றிப் பெட்டியின் மூலைகளில் வைத்து, மேலே போர்வையால் மூடினார். தாயும் மகளும் மாறி மாறி விழித்திருந்து, விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சிப் போத்தல்களை மாற்றினார்கள். கொஞ்ச நேரக் குளிரை முட்டை தாங்கும். பொரிப்பது பிந்தும், அவ்வளவுதான். மிதமிஞ்சிய சூடுதான் உடனே கொல்லும். ஆகவே பயத்தில் அளவுக்கு மேல் சூடாக்காமல் இருந்தது அவர் கெட்டித்தனம். அறுபதில் பத்தொன்பது பொரித்தன, பத்தொன்பதாம் நாள்.

அடுத்த முறை மின்சாரத்தை நம்பாமல், அயல்வீட்டுச் சின்ன ஊர்க்கோழி ஒன்று அடைக்குக் கிடந்தபோது அதன் கீழ் பதினைந்து முட்டை வைத்தார். பெரிய கோழி என்றால் முட்டையை மிதித்து உடைத்துவிடும். கோழி முட்டையையும் காடை முட்டையையும் ஒன்றாக வைக்கவும் கூடாது. காடை முதலில் பொரித்துவிடும். கோழி அந்தக் குஞ்சுகளோடு எழும்பிப் போக, அதன் முட்டைகள் ஆறிப் பழுதாகும்.

பொரித்த குஞ்சு ஒன்று எட்டுக் கிராம் அளவில் இருக்கும்; பெரிய வண்டு மாதிரி. தண்ணீர்ச் சட்டியில் விழுந்தே செத்துப்போகும். ஆகவே சட்டிக்குள் சின்னக் கூழாங்கற்களைப் பரப்ப வேண்டும். பத்திரிகைத் தாளில் விட்டால் வழுக்கிக் கால் விரிந்துவிடும். அக்கா சாக்குத் துண்டு விரிக்கிறார். முதல் கிழமை 35 பாகைச் சூடு; பிறகு கிழமைக்குக் கிழமை மூன்று பாகை குறைக்க வேண்டும். மூன்று கிழமையில் நெஞ்சுச் சிறகு செம்மண் நிறமானால் சேவல், புள்ளி விழுந்தால் பேடு. ஆறு, ஏழு கிழமையில் பேடு முட்டையிடத் தொடங்கும்.

அன்று கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருக்கையில் வேலிக்கு அப்பால், தூரத்தில் மோட்டார் சைக்கிள் ஓடுவது போல ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. அது பற்றைக் காடை. பார்வைக்குக் காடை என்றாலும் வளர்ப்புக் காடையின் இனமல்ல. காலில் பின்விரல் இல்லை. கூப்பிடுவது பேடு. சேவலைவிடப் பேடு பெரிது. கழுத்தும் கறுப்பாக எடுப்பாக இருக்கும். அது மூன்று நான்கு முட்டையை இட்டுவிட்டு வேறு சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவதும் தகப்பன்தான்.

"ஆம்பிளை அடைகாக்குமோ?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் இருந்த இளம்பெண் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கட வீட்டிலையும் அவர்தான் பிள்ளையை நித்திரையாக்கிறவர்" என்றார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அக்கா எழும்பித் தேத்தண்ணீர் வைக்கப் போனார்.

பற்றைக்குள் எடுத்த முட்டைகளைப் பொடியன்கள் கொண்டுவந்து விலை பேசியதும் உண்டாம். அக்கா வாங்கவில்லை. 1937ஆம் ஆண்டிலிருந்தே காட்டுப் பறவைகளைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, அந்தக் குஞ்சுகளுக்கு முதல் நாட்களில் தகப்பன்தான் சொண்டோடு சொண்டு வைத்து ஊட்ட வேண்டும். பெட்டியில் பொரித்துத் தீன்தூளைப் போட்டால் அவை அதன் பக்கத்திலேயே பட்டினி கிடந்து சாகும்.

கோழித்தீன் விலை ஏறியதால் காடை முட்டையை வாடியடிச் சந்திக் கடைக்குக் கொடுத்து வரும் வருமானம் பெரிதாக மிஞ்சுவதில்லை. பொரிக்க வைக்கும் முட்டைக்குத்தான் நல்ல விலை கிடைக்கிறது என்று கண்டுகொண்டார். அதற்கென்று மூன்று பேட்டுக்கு ஒரு சேவல் விட்டிருக்கிறார். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவற்றைச் சோடி சேர்ப்பதில்லை; காடையில் நெருங்கிய உறவு சேர்ந்தால் அடுத்தடுத்த தலைமுறையிலேயே முட்டை பொரிக்காமல் போகத் தொடங்கும். ஆகவே சேவல்களை வேறு இடத்திலிருந்து மாற்றி எடுக்கிறார். ஏழு நாளுக்கு மேற்பட்ட முட்டையைப் பொரிக்க வைக்கக் கொடுப்பதில்லை. அதை வீட்டில் அவித்து மாமிக்கும் மகளுக்கும் கொடுத்துவிடுகிறார்.

நான் புறப்படும் நேரம் அந்த இளம்பெண் முப்பது முட்டை கேட்டார். காசு பிறகு தரலாம் என்று அக்கா சொல்லிவிட்டார். பால்மாப் பேணியில் உமி போட்டு, கூர்ப்பக்கம் கீழே வரும்படி ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"வீட்டை போன உடனை பெட்டிக்குள்ளை வைக்காதை. ஒரு இரவு அப்பிடியே ஆறுதலா இருக்க விடு. பஸ்ஸிலை மேல் தட்டிலை வைக்கிறேல்லை. மடியிலை வைச்சிரு, என்ன?"