கூரையின் உயரம்

கூரையைப் பார்த்தால் போதும், அதன் கீழ் வாழ்பவரின் கதையில் பாதி விளங்கிவிடும் என்பார் என் பாட்டா. குமரி மாவட்டத்தில் தாத்தாவைப் பாட்டா என்றே அழைப்போம். அவர் தச்சர். நாஞ்சில் நாட்டின் வயலோர ஊர்களிலும், கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் தோட்டத்து வீடுகளிலும், கடற்கரைக் குடியிருப்புகளிலும் வேலை செய்தவர். விருந்தினர் திண்ணையோடு திரும்பிவிடுவர். தச்சரோ உத்திரத்தின் மேல் ஏறி நின்று வீட்டைப் பார்ப்பவர். “மக்கா, கூரைய அளந்தா ஆளயும் அளந்தாச்சு” என்று முழக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொல்வது இன்றும் என் காதில் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க அந்தச் சொல்லின் பொருள் விரிந்துகொண்டே போகிறது.

முதலில் மண்ணையும் மழையையும் சொல்லவேண்டும். 1956 நவம்பர் 1 அன்று தாய்த் தமிழகத்தோடு இணைந்த அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களைக் கொண்டு உருவானது கன்னியாகுமரி மாவட்டம். மலை, காடு, வயல், கடல் என்னும் நான்கையும் ஒரே பகலில் பார்த்துத் திரும்பிவிடலாம். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இங்கு மழை தருகின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிக் காற்று மிகுதி, மழை குறைவு. மேற்கே செல்லச் செல்ல மழை கூடுகிறது. அதற்கேற்பக் கூரையின் சாய்வும் கூடும். சுவரைத் தாண்டி வெளியே நீளும் இறவாரமும் தாழ்ந்து இறங்கும். மழைநீர் சுவரில் தெறிக்காமலும் வெயில் அறைக்குள் நுழையாமலும் காப்பது அந்த இறவாரமே.

ஊர்களின் அமைப்பும் இவ்வாறே மாறுகிறது. தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களே பழைய நாஞ்சில் நாடு. பூதப்பாண்டி, தாழக்குடி, தேரூர், சுசீந்திரம் போன்ற ஊர்களில் வீடுகள் தெருத்தெருவாக நெருங்கி நிற்கும். ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் இடையே ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவே ‘முடுக்கு’ இருக்கும். நன்செய் நிலத்தில் ஒரு சாண் கூட வீணாகக் கூடாது என்று மேட்டில் ஒதுங்கி வாழ்ந்த உழவர்களின் கணக்கு அது. கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் தெருவே தட்டுப்படாது. ஏற்ற இறக்கமான நிலத்தில், தென்னையும் பலாவும் சூழ்ந்த தோட்டத்தின் நடுவே ஒவ்வொரு வீடும் தனித்து நிற்கும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு கிணறு. இத்தோட்டங்களுக்கு ‘விளை’ என்று பெயர். அதனால்தான் எங்கள் ஊர்ப் பெயர்களில் பாதி ‘விளை’ என்று முடிகின்றன. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட அங்கே குரலை உயர்த்த வேண்டும். நாஞ்சில் நாட்டிலோ குரலைத் தாழ்த்த வேண்டும் என்று பாட்டா வேடிக்கையாகச் சொல்வார்.

வயலோர ஊர்களின் பெரிய வீடுகளில் நுழைவாயிலுக்கே ஒரு கூரை உண்டு. அதைப் படிப்புரை என்பர். வழிப்போக்கர் அமர்வதும், வரவேண்டியவர் யார், வெளியே நிற்கவேண்டியவர் யார் என்று தீர்மானிக்கப்படுவதும் அங்கேதான். உள்ளே அயினி, தேக்கு மரப்பலகைகளால் மச்சுத் தட்டு இடப்பட்டிருக்கும். வீட்டின் சிறந்த அறை மனிதருக்கன்று, நெல்லுக்கு. காற்றுப் புகாமல் பலகையடித்த பத்தாயம் அங்கே வீற்றிருக்கும்.

இப்பெரிய வீடுகளை மண்ணும் மழையும் மட்டும் உருவாக்கவில்லை, சொத்துரிமையும் உருவாக்கியது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி முறை நிலவியது. ஒருவரின் சொத்து அவர் பெற்ற மக்களுக்கன்றி, உடன்பிறந்தாளின் மக்களுக்குச் செல்லும் முறை அது. மாமனும் மருமக்களும் ஒரே கூரையின் கீழ்க் கூட்டாக வாழப் பெரிய வீடு தேவைப்பட்டது. அம்முறையால் மனைவியரும் மக்களும் பட்ட துயரைத் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் அங்கத நூலாக்கினார். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பெற்ற மக்களுக்கும் பங்கு உண்டு என்றாயிற்று. அதன்பின் பாட்டாவுக்குப் புதுவகை வேலைகள் வந்தன. முற்றத்தின் நடுவே சுவர் எழும்; ஒரு தலைவாயில் இருந்த வீட்டுக்கு இரண்டாவது தலைவாயில் வேண்டும். ஒரு வீட்டில் சுவர் சரியாகப் பத்தாயத்தின் நடுவில் வந்து நின்றதாம். இரு தரப்பாரும் விட்டுக்கொடுக்காமையால் பத்தாயத்தையே இரண்டாக அறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். இரண்டு பாதியிலும் எலி புகுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

இனி அரண்மனைக்கு வருவோம். தக்கலை அருகே, வேளிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது பத்மநாபபுரம். 1795ஆம் ஆண்டு வாக்கில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறும்வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்தது இதுவே. அரண்மனை இன்று தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறையே அதைப் பராமரிக்கிறது. பெரும்பகுதி மரம், மேலே ஓடு. கண்ணாடி போல மின்னும் கருந்தரை, வண்ண அபிரகத் தகடுகள் வழியே ஒளி கசியும் மந்திரசாலை, இரண்டு தளங்களில் ஏராளமானோர்க்கு அன்னமிட்ட ஊட்டுப்புரை என்று சுற்றுலா வழிகாட்டிகள் வரிசையாகச் சொல்லிச் செல்வர். நான் அங்கே நிமிர்ந்து பார்ப்பது உப்பரிகை மாளிகையை. மார்த்தாண்ட வர்மரின் காலத்தில் (1729–1758) எழுந்த இம்மாளிகைக்கு நான்கு தளங்கள். மேல்தளம் இறைவனுக்கு உரியதாகக் கருதப்பட்டது. மன்னரின் இடம் அதற்குக் கீழே.

அந்த நான்கு தளங்களின் பொருளை உணரவேண்டுமானால், அதே நாட்டில் பிறர் எவ்வளவு உயரம் கட்டலாம் என்றிருந்தது என்பதை அறியவேண்டும். கிறித்தவத் தொண்டரான சாமுவேல் மெட்டீர் 1871இல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூலில், நாடார் மக்கள் மீதிருந்த தடைகளைப் பட்டியலிடுகிறார். குடை பிடிக்கக் கூடாது; செருப்பு அணியக் கூடாது; பொன் நகை பூணக் கூடாது. இவற்றோடு, ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்பதும் ஒன்று. தளம் மட்டுமன்று, ஓடும் அனைவருக்கும் உரியதாக இருக்கவில்லை. கௌரி பார்வதிபாய் அரசியின் ஆட்சியில்தான் (1815–1829) மக்கள் எல்லோரும் தத்தம் வீடுகளுக்கு ஓடு வேயலாம் என்று அரச அறிவிப்பு வந்தது. மழை எல்லார் மேலும் ஒன்றுபோலப் பெய்யும் நாட்டில், மழையைத் தடுக்கும் ஓட்டுக்கு ஆணை வேண்டியிருந்தது!

‘வீடு’ என்னும் சொல்லுக்கும் இந்த அளவுகோல் இருந்தது. மலையாளக் கரையில் வாழிடத்தைக் குறிக்கும் சொல், வாழ்பவரின் சாதிக்கேற்ப மாறியதை வில்லியம் லோகன் 1887இல் வெளியான மலபார் கையேட்டில் பதிவு செய்துள்ளார். அரசருடையது கொட்டாரம் அல்லது கோவிலகம், நம்பூதிரியுடையது இல்லம், வயலில் அடிமையாக உழைத்தவருடையது சாளை. தன் குடியிருப்பை என்ன சொல்லால் குறிப்பது என்பதுகூட ஒருவர் கையில் இல்லை.

தெருக்களும் அப்படியே. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் கோபுரத்தையும் இசைத் தூண்களையும் வியப்பவர்கள், அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் ஒருமுறை நின்று பார்க்கவேண்டும். அத்தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கும் உரிமைக்காகவே 1926இல் அங்கு அறப்போர் நடந்தது. மருத்துவர் எம்பெருமாள் நாயுடு அதன் முன்னணியில் நின்றார். 1936 நவம்பர் 12 அன்று வெளியான ஆலயப் பிரவேச அறிவிப்புக்குப் பின் கோயிலின் கதவும் திறந்தது. கோட்டார்ச் சந்தையில் மூட்டை சுமந்தவர்களுக்கு அங்கே எந்த வழியாகவும் போகமுடிந்தது என்றும், மூன்று கல் தொலைவிலுள்ள தெருவில்தான் முடியவில்லை என்றும் பாட்டா சொல்வதுண்டு. கல்லும் சுண்ணாம்பும் ஒன்றே, தெருதான் வேறு.

உரிமை மறுக்கப்பட்டவர்கள் தங்களுக்கான கட்டடங்களைத் தாங்களே எழுப்பினர் என்பது இக்கதையில் நான் மிகவும் விரும்பும் பகுதி. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) பொதுக்கிணறு ஒன்றை வெட்டச் செய்தார். எல்லாச் சாதியினரும் அங்கு ஒன்றாகத் தண்ணீர் எடுத்தனர். அவருடைய அன்பர்கள் ஊர்தோறும் ‘நிழல்தாங்கல்’ அமைத்தனர். பெயரைப் பாருங்கள்: நிழலைத் தாங்கும் இடம். கோபுரம் இல்லை, மதில் இல்லை. சிறு கூரை மட்டுமே. வழிபாடும் பசித்தவர்க்கு உணவும் அதன் கீழ் நிகழ்ந்தன. வழிபடும் இடத்தில் சிலை இராது, நிலைக்கண்ணாடி இருக்கும். வணங்க வந்தவர் தம்மையே காண்பார். மயிலாடியில் 1809இல் ரிங்கல்தௌபே எழுப்பிய ஆலயமும், அதைத் தொடர்ந்து பல ஊர்களில் எழுந்த ஆலயங்களும் பள்ளிகளும் எழுத்தை எளிய மக்களிடம் கொண்டு சென்றன. இந்த எளிய கூரைகள் அரண்மனையை விடக் குறைந்த வரலாறு உடையவை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஓடு வேயும் உரிமை அறிவிப்பில் வந்தாலும், ஓடு வாங்கும் காசு பல தலைமுறை கழித்தே வந்தது. 1865இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு, மேற்குக் கடற்கரை முழுவதன் முகத்தையும் மாற்றியது. ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் அந்த ஓடு, பழைய நாட்டு ஓட்டைப் போல அடிக்கடி மாற்றி அடுக்கத் தேவையில்லாதது. ஓலை வீட்டில் பிறந்தவர்கள், பனையேறியும் கயிறு திரித்தும் சேர்த்த பணத்தில் ஓட்டு வீடு கட்டியபோது பாட்டா கூரைச் சட்டம் பூட்டப் போவார். அப்படி ஒரு வீட்டில் முதல் மழையன்று குடும்பம் முழுதும் உறங்காமல் விழித்திருந்ததாம். எங்கும் ஒழுகவில்லை, ஓலையில் கேளாத ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். தச்சுக் கூலியோடு ஒரு குலை வாழைப்பழமும் கொடுத்தனுப்பினார்கள்.

கடற்கரையின் கணக்கு வேறு. முட்டம், குளச்சல், கோவளம் போன்ற மீனவ ஊர்களில் எல்லாவற்றிலும் உயர்ந்தது தேவாலயத்தின் கோபுரம். அதை நோக்கி வீடுகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கும். கடலைப் பார்த்து வாசல்; வாசலில் வலை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் குலைத்தது. பிறகு கடலிலிருந்து தள்ளி, ஒரே அளவில் வரிசை வரிசையாகப் புதுவீடுகள் கட்டப்பட்டன. உயிர்ப் பாதுகாப்பு முதன்மையானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் விடியற்காலையில் வாசலில் நின்றே கடலின் நிறத்தையும் காற்றின் திசையையும் படிப்பவருக்கு, கடல் தெரியாத வீடு பாதி வீடுதான். வலையை எங்கே விரிப்பது, மீனை எங்கே உலர்த்துவது என்று அவர்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால் வரைபடம் வேறாக இருந்திருக்கும்.

இப்போது எங்கள் பக்கம் எங்கும் கான்கிரீட் தளம். பழைய மர வீடுகளைப் பிரித்து, தூணையும் கதவையும் வாங்கிச் செல்ல வணிகர்கள் வருகிறார்கள். ஒரு தரவாட்டின் படிப்புரை எங்கோ ஒரு விடுதியின் வரவேற்பறையாக நிற்கக்கூடும். கோடையில் தளத்தின் வெக்கை தாங்காமல், கான்கிரீட்டின் மேலேயே தகரக் கொட்டகை போடுகிறோம். இழப்பு உண்மைதான். எனினும் கூரையைக் கொண்டு ஆளை அளக்கமுடியாத காலம் வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு. பாட்டாவின் முழக்கோல் இங்கே தோற்றுவிட்டது, அவர் வருந்தமாட்டார். என் வருத்தம் வேறு. அரண்மனைக்குக் காவலர் இருக்கிறார், நுழைவுச்சீட்டு இருக்கிறது. பனையோலைக் குடிசையில் ஒன்றுகூட மாதிரிக்கு நிற்கவில்லை. அடுத்த தலைமுறைக்கு நான்கு தளம் தெரியும். எதற்கு எதிரே அது நான்கு தளம் என்பது தெரியாது.

தக்கலைக்கு அருகே ஒரு விளையில் எனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். மகன்கள் வளைகுடா நாட்டில் உழைத்து மூன்று தளத்தில் வீடு கட்டியிருக்கிறார்கள். சென்ற ஆண்டு போனபோது அவர் மாடியில் கொப்பரை உலர்த்திக்கொண்டிருந்தார். மூட்டுவலியோடு ஏன் மாடி ஏறுகிறீர்கள் என்று கேட்டேன். “கீழ வெயிலு கெடையாது மோனே, மரமெல்லாம் மறைக்குவு” என்றார். தென்னை மரங்களின் இடைவெளியில் வேளிமலையும், அதன் அடியில் அரண்மனைக் கூரையின் ஒரு விளிம்பும் தெரிந்தன. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. காகம் கொப்பரையைத் தூக்கிவிடாமல் கையில் ஒரு கம்போடு காத்திருந்தார்.